பதிவறையில் கொள்ளுத்தாத்தா

கேள்வி: எங்கள் பூர்வீகம் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். கொள்ளுத்தாத்தாவுக்கு சமஸ்தானத்து மானிய நிலம் இருந்ததாக வீட்டில் சொல்வார்கள். அதைத் தேடி சின்ன ஆவணக் காப்பகம் ஒன்றுக்குப் போனேன். பெயரைச் சொன்னதும், 'அப்படி யாரும் இல்லை சார்' என்று பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். மறுபடி போகலாமா? போனால் எப்படிக் கேட்பது?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: தாராளமாகப் போங்கள். அந்த ஊழியர்மேல் கோபம் வேண்டாம். நானும் தாலுகா அலுவலக ரெக்கார்டு ரூமில் பல வருடம் குப்பை கொட்டியவன்தான். இதே பதிலை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பெயரை வைத்து அங்கே எதையும் எடுக்க முடியாது. காகிதக் கட்டுகளெல்லாம் கிராமவாரியாக, பசலிவாரியாக (பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை வருடம்) இருக்கும். உள்ளே புல எண், அதாவது நிலத்தின் சர்வே எண் வரிசை. கருப்பையா என்று கேட்டால் கிராமத்துக்கு ஒன்பது கருப்பையா.

ஆகவே முதலில் வீட்டுப் பரணில் ஏறுங்கள். பழைய கிரயப் பத்திரமோ தீர்வை ரசீதோ ஒன்று அகப்பட்டால் பாதி வேலை முடிந்தது. பசலி போட்டிருந்தால் 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1322 என்றால் 1912 ஜூலையில் தொடங்கும் வருடம். 'பரிதாபி வருடம்' என்று மட்டும் இருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அது 1912-ஆகவும் இருக்கலாம், அறுபது வருடம் முந்தி 1852-ஆகவும் இருக்கலாம். எண்கள் தமிழில் இருக்கும். ஒரு முறை ஒரு தம்பி பத்திரத்தோடு வந்து, "சார், எங்க தாத்தா இனிஷியல் எ.அ." என்றார். வாங்கிப் பார்த்தேன். ௭௮. அது புல எண், எழுபத்தெட்டு! அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போய் அரை மணி நேரத்தில் தாத்தாவை எடுத்துவிட்டோம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். 1979-லிருந்து 87 வரை யுடிஆர் என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அதற்கு முந்தைய எண்ணும் இன்றைய பட்டா எண்ணும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

மானியம் என்கிறீர்கள். மானியத்துக்குப் பழைய காகிதங்களில் இனாம் என்று பெயர். அப்படியானால் கேட்க வேண்டியது இனாம் பதிவேடு. புதுக்கோட்டையில் திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில், 1888-ல் இனாம் செட்டில்மெண்ட், அதாவது மானிய நிலங்களை விசாரித்து முடிவு செய்யும் வேலை நடந்தது. கோயில் ஊழியம், அரண்மனை ஊழியம் என்று எதற்காக நிலம் விடப்பட்டது என்பதைப் பார்க்க அந்தக் காலத்துக் காகிதம்தான் வழி. கொள்ளுத்தாத்தா என்ன வேலை பார்த்தார் என்பதே அதில் தெரியவரலாம்.

இன்னொன்று, பலரும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். சமஸ்தானம் 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்தது. அதற்குப் பிறகு அந்தப் பகுதி திருச்சி மாவட்டத்தில் இருந்தது. புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது 1974-ல். நடுவில் இருக்கும் 26 வருடத்துக் காகிதங்களைப் புதுக்கோட்டையில் மட்டும் தேடினால் எப்படி? நீங்கள் இருக்கும் ஊரிலேயே ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

போகும்போது பென்சில் கொண்டுபோங்கள், பேனா வேண்டாம். கட்டு வந்ததும் அவிழ்க்கும் முன் முடிச்சு எப்படிப் போட்டிருக்கிறது என்று பாருங்கள், அதே மாதிரி திரும்பக் கட்டிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்பவருக்கு மறுநாள் கேட்காமலே அடுத்த கட்டு வரும்; நானே அப்படித்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதீர்கள். ராமபாணப் பூச்சி அரித்த ஏட்டில் தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும், இரண்டு கையாலும் தாங்கித்தான் திருப்ப வேண்டும். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். எடுத்தால் கட்டின் எண் தெரியும் சீட்டையும் சேர்த்து எடுங்கள். அது இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்தபின் எந்தப் படம் எந்தக் கட்டிலிருந்து என்று முழிப்பீர்கள்.

'தாத்தா' என்று ஆரம்பிக்காதீர்கள். "இன்ன கிராமம், இன்ன புல எண், இனாம் பதிவேடு பார்க்கணும்" என்று எழுதியே நீட்டுங்கள். பரணில் பத்திரம் கிடைத்தால் அதில் என்ன வருடம் போட்டிருக்கிறது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.