ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் முன்: வாசகர் கேள்வி பதில்

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா வளாகங்களில் முதற்கட்டுரையை அனுப்பத் தயாராகும் மாணவர்களும் இளம் விரிவுரையாளர்களும் கேட்ட கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். யாருடைய பெயரைப் போடுவது என்பதுதான் பலருடைய சிக்கல். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

ஆய்வை நானும் என் மேற்பார்வையாளரும் மட்டுமே செய்தோம். துறைத்தலைவரின் பெயரையும் ஆய்வுகூடம் தந்த இன்னொரு சேரின் பெயரையும் போடாவிட்டால் மரியாதைக் குறைவு என்கிறார்கள். என்ன செய்வது?
— முதுமாணி மாணவி, திருநெல்வேலி

மரியாதையைத் தெரிவிக்க நன்றியுரை இருக்கிறது. தலைப்புக்குக் கீழே வரும் பெயர் வேறு விடயம்: இந்தக் கட்டுரையில் பிழை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் இவர் என்று அது சொல்கிறது.

மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு இதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. மற்றத் துறை இதழ்கள் பலவும் இவற்றையே பின்பற்றுகின்றன. ஆய்வைத் திட்டமிடுவதிலோ தரவு திரட்டுவதிலோ அதைப் பகுப்பாய்ந்து விளக்குவதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது வரைவை வாசித்து உள்ளடக்கத்தைத் திருத்தியிருக்க வேண்டும். இறுதிப் பிரதிக்குச் சம்மதம் தந்திருக்க வேண்டும். கட்டுரையின் எந்தப் பகுதி பற்றிக் கேள்வி வந்தாலும் அது தீரும்வரை கூட நிற்கச் சம்மதிக்க வேண்டும். நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். பணம் பெற்றுத் தந்தது, கருவி தந்தது, துறைக்குத் தலைவராக இருப்பது ஆகியவை தனியே போதாது.

இந்த விதிக்கு மறுபக்கமும் உண்டு, அதை நம்மிடையே பலர் மறந்துவிடுகிறார்கள். முதலாவது நிபந்தனைப்படி உழைத்த ஒருவருக்கு வரைவைக் காட்டாமல் விட்டுவிட்டு, 'அவர் எழுதவில்லைத்தானே' என்று பெயரை நீக்குவதும் அதே அளவு தவறு. வெயிலில் நின்று மாதிரி எடுத்து, முறையைத் திருத்தி, முடிவுகளைச் சேர்ந்து கதைத்த ஆய்வு உதவியாளருக்கு வரைவை அனுப்புங்கள். சொன்னதை அளந்து மட்டும் தந்த ஆய்வுகூட உத்தியோகத்தருக்கு நன்றியுரை பொருந்தும். ஆனால் நன்றியுரையில் பெயர் போடுவதற்கும் அவரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். பெயரைக் கண்டவர்கள், கட்டுரையின் முடிவை அவர் ஏற்றுக்கொண்டதாக நினைக்க இடமுண்டு.

உங்கள் நிலையில் நேராக 'முடியாது' என்று சொல்வது கடினம் என்பது எங்களுக்குத் தெரியும். இதழின் பங்களிப்புப் படிவத்தை முன்னால் வைத்துப் பேசுங்கள். இப்போது பல இதழ்கள் எண்ணக்கரு, முறையியல், தரவுப் பராமரிப்பு, முதல் வரைவு, மேற்பார்வை என்று 14 வகைப் பங்குகளில் யார் எதைச் செய்தார் என்று கேட்கின்றன. "சேர், ஒவ்வொருவரும் என்ன செய்தது என்று இதழ் கேட்கிறது. உங்கள் பகுதியை நீங்களே நிரப்பித் தாருங்கள், வரைவையும் வாசித்துத் திருத்தித் தாருங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். உண்மையில் வாசித்துப் பங்களிக்க வருபவர் வருவார். நிரப்ப எதுவும் இல்லாதவர் பெரும்பாலும் தாமே நன்றியுரைக்கு ஒதுங்கிவிடுவார். இந்தப் பேச்சை ஆய்வு தொடங்கும் மாதத்திலேயே பேசி, பெயர் வரிசையையும் ஒரு தாளில் எழுதி எல்லாரும் வைத்திருப்பது இன்னும் நல்லது. அனுப்பிய பிறகு ஒரு பெயரைச் சேர்க்கவோ எடுக்கவோ வேண்டுமென்றால், நீக்கப்படுபவர் உட்பட எல்லாருடைய எழுத்துமூலச் சம்மதத்தையும் இதழ் கேட்கும். அந்த இழுபறியில் கட்டுரை மாதக்கணக்கில் கிடக்கும்.

வலிகாமத்தில் 40 கிணறுகளில் நைத்திரேற்று அளந்தேன். மூன்று கிணறுகளின் பெறுமானம் மற்றவற்றைவிட மிக உயர்வு. வரைபு குழம்புகிறது. அந்த மூன்றையும் விட்டுவிட்டு எழுதலாமா?
— விவசாய பீட மாணவர், கிளிநொச்சி

வரைபு குழம்புகிறது என்பது ஒரு பெறுமானத்தை விடுவதற்குக் காரணமாகாது. அளவீட்டில் பிழை நடந்தது என்று உங்கள் குறிப்புப் புத்தகம் காட்டினால்தான் விடலாம். ஆகவே முதலில் மூன்று இடங்களைத் தேடுங்கள்.

ஒன்று அலகு. நைத்திரேற்றாகச் சொல்வதும் நைத்திரேற்று-நைதரசனாகச் சொல்வதும் வேறு வேறு. இரண்டுக்கும் இடையில் 4.43 மடங்கு. லீற்றருக்கு 15 மில்லிகிராம் நைத்திரேற்று-நைதரசன் என்றால் நைத்திரேற்றாக ஏறத்தாழ 66. இரண்டு ஆய்வுகூடங்களின் அறிக்கைகளை ஒரே அட்டவணையில் கலந்தால், இல்லாத உயர்வு இப்படித்தான் முளைக்கும். அடுத்தது ஐதாக்கல். கருவியின் அளவுகோட்டை மீறிய மாதிரியைப் பத்து மடங்கு ஐதாக்கி அளந்துவிட்டு, பெருக்குவதை மறப்பதும் உண்டு, இரண்டு முறை பெருக்குவதும் உண்டு. கடைசியாக மாதிரி வைத்திருந்த விதம்: அமிலம் சேர்க்காத மாதிரியை 4 பாகை செல்சியஸில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் அளந்திருக்க வேண்டும். காரில் ஒரு பகல் கிடந்த போத்தலின் பெறுமானத்தை நம்ப முடியாது.

பிழை கிடைத்தால் எந்த மாதிரி, ஏன் விலக்கப்பட்டது என்று முறையியலில் ஒரு வரி எழுதி விலக்குங்கள். கிடைக்காவிட்டால் மூன்றும் கட்டுரையில் இருக்கட்டும். அவற்றைச் சேர்த்தும் சேர்க்காமலும் பகுப்பாய்வைக் காட்டுங்கள். நம்முடைய நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக ஓடுகிறது. வெங்காயத் தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழியும் ஒரு கிணற்றை எட்டி, பக்கத்துக் கிணற்றை எட்டாமல் விடலாம். அந்த மூன்று கிணறுகள்தான் உங்கள் ஆய்வின் மிகப் பெறுமதியான பகுதியாகவும் இருக்கக்கூடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு நைத்திரேற்றாக லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் வந்த கிணற்றின் சொந்தக்காரருக்குக் கட்டுரை வெளிவரும்வரை காத்திராமல் முடிவைச் சொல்லுங்கள். அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது அவசரம். அவருடைய அனுமதியில்லாமல் கிணற்றின் துல்லியமான ஆள்கூறுகளைக் கட்டுரையில் போடாதீர்கள். மூலத்தரவையும் குறிப்புப் புத்தகத்தையும் எறியாதீர்கள்: பிரசுரமான பிறகும் 5 முதல் 10 ஆண்டு வரை வைத்திருக்கும்படிதான் பொதுவாகக் கேட்கிறார்கள்.

சிகிச்சை நிலையத்துக்கு வந்த நீரிழிவு நோயாளரிடம் வினாக்கொத்து மூலம் தரவு எடுத்தேன். ஒழுக்கவியல் குழுவிடம் போகவில்லை. இப்போது இதழ் அனுமதி இலக்கம் கேட்கிறது. பிந்தி எடுக்கலாமா?
— வைத்தியர், யாழ்ப்பாணம்

தரவு எடுத்து முடிந்த ஆய்வுக்கு ஒழுக்கவியல் குழுக்கள் பொதுவாகப் பின்தேதியிட்டு அனுமதி தருவதில்லை. நோயாளிக்கு ஆபத்து வராமல் முன்கூட்டியே பார்ப்பதுதான் அவர்களின் வேலை. மேற்கொண்டு தரவு எடுப்பதை இன்றே நிறுத்துங்கள். நடந்ததை நடந்தபடி எழுதி உங்கள் பீடத்தின் குழுவிடம் கொடுங்கள். சேவையின் தரத்தைப் பார்க்கும் உள்ளகக் கணக்காய்வாக இதைக் கொள்ளலாமா, ஏற்கனவே எடுத்த தரவைப் பயன்படுத்தலாமா என்று தீர்மானிப்பது அவர்கள்தான், நீங்கள் அல்ல. 'முடியாது' என்றால் அந்தத் தரவு பிரசுரத்துக்கு இல்லை. வேறொரு ஆய்வின் இலக்கத்தை எடுத்துப் போட எண்ணவே வேண்டாம். சந்தேகம் வந்தால் இதழாசிரியர் அந்த ஒழுக்கவியல் குழுவுக்கே எழுதிக் கேட்பார்.

அடுத்த ஆய்வுக்கு: சம்மதப் படிவம் நோயாளிக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி ஒருவர் முன்னிலையில் வாசித்துக் காட்டிக் கைநாட்டுப் பெறுங்கள். சிகிச்சையை ஒப்பிடும் பரிசோதனை என்றால் முதலாவது நபரைச் சேர்க்க முன்னரே இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதியுங்கள். பிறகு பதிந்தால் முன்னணி மருத்துவ இதழ்கள் கட்டுரையை எடுக்காது. நோயாளியின் படத்தில் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை போட்டால் ஆள் தெரியாது என்று நினைப்பதும் சரியல்ல. யாழ்ப்பாணம் சின்ன இடம். நாடியையும் கழுத்துச் சங்கிலியையும் வைத்தே அடையாளம் கண்டுவிடுவார்கள். படத்தையும் கட்டுரையையும் காட்டி எழுத்தில் சம்மதம் பெறுங்கள்.

ஒரு இதழ் ஐந்து மாதமாகப் பதில் தரவில்லை. இன்னொன்றுக்கும் அனுப்பி, முதலில் ஏற்பதில் போடலாமா?
— உதவி விரிவுரையாளர், வவுனியா

கூடாது. அனுப்பும்போதே 'வேறெங்கும் பரிசீலனையில் இல்லை' என்று உறுதி தந்திருக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் ஊதியமில்லாமல் வாசிப்பவர்களின் நேரம் வீணாகும். இரண்டிலும் வந்துவிட்டால், பிறகு ஆய்வுகளைத் தொகுத்துக் கணிப்பவர் ஒரே நோயாளரை இரண்டு தரம் எண்ணிவிடுவார். கட்டுரை இலக்கத்தைக் குறிப்பிட்டு நிலைமையைக் கேட்டு எழுதுங்கள். இரண்டு மூன்று வாரத்திலும் பதிலில்லையென்றால் எல்லாக் கட்டுரையாளரின் பெயரிலும் மீளப்பெறும் கடிதம் அனுப்புங்கள். மீளப்பெற்றதை இதழ் உறுதி செய்த பிறகே அடுத்த இடத்துக்கு அனுப்பலாம். மாநாட்டில் சுருக்கம் வந்தது பிரச்சினையில்லை, ஆனால் முகப்புக் கடிதத்தில் சொல்லிவிடுங்கள்.

என் வரிகள் பிறர் எழுதியவற்றோடு எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று மென்பொருள் காட்டும் ஒப்புமை அறிக்கையில் 12 வீதம் வந்தது. இது போதுமா? தமிழ்க் கட்டுரையென்றால் மென்பொருளுக்குப் பிடிபடாது என்கிறார்களே?
— ஆசிரியர், பருத்தித்துறை

வீதத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. உசாத்துணைப் பட்டியலும் வழமையான முறையியல் வரிகளும் சேர்ந்து 20 வந்தாலும் குற்றமில்லாமல் இருக்கலாம். 6 வீதம் முழுவதும் ஒருவருடைய கலந்துரையாடல் பந்தியாக இருந்தால் அது திருட்டு. நிறம் காட்டிய ஒவ்வொரு இடத்தையும் திறந்து வாசியுங்கள்.

ஆங்கிலக் கட்டுரையின் வாதத்தைத் தமிழில் எழுதி மூலத்தைச் சொல்லாமல் விடுவது, பிடிபட்டாலும் பிடிபடாவிட்டாலும், கருத்துத் திருட்டுத்தான். தமிழில் எழுதுபவர் குறைவாக இருக்கும் துறைகளில் அது இன்னும் கொடியது. ஏனென்றால் அடுத்த மாணவர் உங்களையே மூலமாக நம்புவார். உங்களுடைய சொந்த ஆங்கிலக் கட்டுரையைத் தமிழில் போட விரும்பினால் தாராளமாகப் போடுங்கள், தேவையான வேலை அது. இரண்டு இதழாசிரியர்களிடமும் அனுமதி பெற்று, முதலில் எங்கே வந்தது என்பதை முதற்பக்க அடிக்குறிப்பில் எழுதினால் போதும்.

வரலாறு எழுதுவோருக்கு இன்னொன்று. 1841இல் தொடங்கிய உதயதாரகையின் ஒரு செய்தியைப் பிற்கால நூலொன்றில் மேற்கோளாகக் கண்டுவிட்டு, நேரே பத்திரிகையைப் பார்த்ததுபோல அடிக்குறிப்புப் போடும் பழக்கம் இருக்கிறது. அந்த நூலாசிரியர் திகதியைப் பிழையாக எழுதியிருந்தால் அதே பிழை உங்கள் பெயரிலும் வரும். 'இன்னாரின் நூலில் மேற்கோள் காட்டப்பட்டது' என்று எழுதுங்கள், அல்லது நூலக நிறுவனத்தின் எண்ணிமத் தளத்தில் மூலம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சட்ஜிபிடியைக் கொண்டு ஆங்கிலத்தைத் திருத்துவது தவறா?
— பொறியியல் மாணவர், கிளிநொச்சி

இதழின் விதி இடம் தந்தால் தவறில்லை. எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்ட இடத்தில் எழுதுங்கள். அதைக் கட்டுரையாளராகப் போட முடியாது, பொறுப்பேற்க அதனால் இயலாது என்று பிரசுர ஒழுக்கவியல் குழுவான கோப் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெரிய ஆபத்து உசாத்துணையில் இருக்கிறது: உலகிலேயே இல்லாத கட்டுரையை, உண்மையான இதழின் பெயரோடும் நம்பத்தக்க தலைப்போடும் அது உருவாக்கித் தரும். ஒவ்வொன்றையும் திறந்து, நீங்கள் சொல்வதை அது உண்மையிலேயே சொல்கிறதா என்று பாருங்கள். நோயாளர் தரவையும், மதிப்பாய்வுக்காக உங்களிடம் வந்த பிறருடைய கட்டுரையையும் அதில் ஏற்றவே கூடாது.

பசளைக் கம்பனி ஒன்று மாநாட்டுக்குப் போக விமானச்சீட்டு மட்டும் தந்தது. அதையும் சொல்ல வேண்டுமா?
— ஆய்வாளர், சுன்னாகம்

சொல்ல வேண்டும். சொன்னதற்காகப் பொதுவாகக் கட்டுரையை நிராகரிப்பதில்லை. மறைத்தது பிறகு தெரியவந்தால்தான் முழு ஆய்விலும் சந்தேகம் விழுகிறது. 1998இல் லான்செட் மருத்துவ இதழில் 12 பிள்ளைகளை வைத்து, தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று வேக்ஃபீல்ட் குழு எழுதிய கட்டுரையை நினையுங்கள். தடுப்பூசி உற்பத்தியாளர்மீது வழக்குத் தொடரவிருந்த தரப்பின் சட்டத்தரணி மூலம் பணம் வந்தது அதில் சொல்லப்படவில்லை. 2004இல் 13 கட்டுரையாளரில் 10 பேர் அதன் விளக்கத்தைக் கைவிட்டார்கள், 2010இல் இதழ் முழுவதையும் மீளப்பெற்றது. அதற்குள் எத்தனையோ பெற்றோர் தடுப்பூசியைத் தவிர்த்துவிட்டார்கள்.

கட்டுரை வந்து ஒரு வருடம். இப்போது அட்டவணை ஒன்றில் பிழை கண்டேன். யாரும் கவனிக்கவில்லை. என்ன செய்வது?
— விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

இந்த வாரமே இணைக் கட்டுரையாளர் எல்லாருக்கும் தெரிவியுங்கள். மூலத்தரவிலிருந்து கணிப்பை மீண்டும் செய்யுங்கள். முடிந்தால் உங்களில் இன்னொருவர் தனியாகச் செய்து பார்க்கட்டும். பிறகு இதழாசிரியருக்கு எழுதுங்கள்: எந்த அட்டவணை, எந்த வரி, அச்சில் உள்ளது எது, சரியானது எது, பிழை எப்படி நேர்ந்தது, முடிவு மாறுகிறதா. முடிவு மாறாவிட்டால் திருத்தக் குறிப்பு வெளிவரும், கட்டுரை நிற்கும். மாறினால் மீளப்பெறும்படி நீங்களே கேளுங்கள். நேர்மையான பிழை என்று காரணத்தோடு எழுதி மீளப்பெற்ற கட்டுரையையும் மோசடிக்காக நீக்கப்பட்ட கட்டுரையையும் அறிவுலகம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. அந்த அட்டவணையை ஏற்கனவே மேற்கோள் காட்டியவர்கள் இருந்தால், திருத்தம் வந்ததும் அவர்களுக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.