‘எ கிளாக்வொர்க் ஆரஞ்சு’ படத்தில் வரும் லுடோவிகோ சிகிச்சை என்பது என்ன?

ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1971-இல் வெளிவந்த இப்படத்தில், கொலைக் குற்றத்துக்காகச் சிறையிலிருக்கும் அலெக்ஸ் என்ற இளைஞனுக்கு, சீக்கிரம் விடுதலை கிடைக்கும் என்று ஆசைகாட்டி அளிக்கப்படும் கற்பனைச் சிகிச்சையே லுடோவிகோ. குமட்டலை உண்டாக்கும் மருந்தை ஊசியில் ஏற்றி, இமைகள் மூடாதபடி கவ்விகளை மாட்டி, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே வன்முறைக் காட்சிகளைப் பார்க்கவைக்கிறார்கள். (அலெக்ஸாக நடித்த மால்கம் மெக்டவலின் விழியில் உண்மையாகவே கீறல் விழுந்தது.)

பேருந்தில் ஒருமுறை வாந்தியெடுத்த குழந்தைக்கு, அதன் பிறகு டீசல் வாசனை பட்டாலே வயிற்றைப் புரட்டுமல்லவா, அதே பழக்கம்தான் இங்கும் வேலை செய்கிறது. கை ஓங்க நினைத்தாலே அலெக்ஸ் சுருண்டு விழுகிறான். அந்தக் காட்சிகளின் பின்னணியில் ஒலித்த ஒரே காரணத்தால், அவன் உயிராய் நேசித்த பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியும் அவனுக்கு வேதனையாகிவிடுகிறது. தேர்ந்தெடுக்கும் ஆற்றலை இழந்தவனைத் திருந்தியவன் என்று சொல்ல முடியாது என வாதிடுபவர் சிறைப் பாதிரியார். என் பார்வையில் படத்தின் மையமே அந்தச் சிறு காட்சிதான்.

பிரிட்டன் அரசு இப்படத்தைத் தடைசெய்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் குப்ரிக்கே கேட்டுக்கொண்டதால்தான் அங்கே திரையிடல் நிறுத்தப்பட்டது, 1999-இல் அவர் மறைந்த பிறகே படம் மீண்டும் வெளிவந்தது.