மூட்டை தூக்குகிறவர் வேலை செய்யவில்லையா?

பாடங்களில் வரும் சொற்களை வகுப்பில் நடத்துவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, அறிவியலும் கணக்கும் 31 ஆண்டுகள் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், டீச்சர். பாடம் தொடங்கும்போதே கலைச்சொற்களைப் பலகையில் எழுதி, பொருள் சொல்லி, நோட்டில் எழுத வைத்துவிடுவேன். கேட்டால் நன்றாக ஒப்பிக்கிறார்கள். ஆனால் கரைப்பான் எது, கரைபொருள் எது என்றால் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். எங்கே கோட்டை விடுகிறேன்?

பதில்: உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. முதல் பத்து வருஷம் நானும் இதையேதான் செய்தேன். போதாக்குறைக்கு, தப்பாகச் சொன்னவர்களைப் பத்துத் தடவை எழுதவும் வைத்தேன். கையெழுத்து கோணலானதுதான் மிச்சம்.

சொல்லைக் கொஞ்சம் தள்ளிப்போட்டுப் பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர், ஒரு கரண்டி உப்பு. கலக்கிவிட்டு, "என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். என் வகுப்பில் ஒரு பையன், "தண்ணி உப்ப முழுங்கிடுச்சு டீச்சர்" என்றான். நான் எதையும் திருத்தவில்லை. "முழுங்கினது யாரு, மாட்டிக்கிட்டது யாரு?" என்று கேட்டேன். ஆளாளுக்குச் சொன்னார்கள். அதன் பிறகுதான் பெயர் வைத்தேன்.

பெயர் வைக்கும்போது சொல்லையும் பிரித்துக் காட்டுங்கள். அழிப்பது அழிப்பான், துடைப்பது துடைப்பான், அப்படியானால் கரைப்பது? அவர்களே சொல்லிவிடுவார்கள். விரிந்ததால் வந்தது விரிசல், நெரிந்ததால் வந்தது நெரிசல், கரைந்ததால் வந்தது கரைசல். 'கரைபொருள்' வினைத்தொகை; கரைந்த, கரைகிற, கரையும் பொருள் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. இதைத் தமிழாசிரியர் அவர் வகுப்பில் ஒருமுறை சொன்னால் இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். கலைச்சொல்லை ஆக்கியவர்கள் பொருளை உள்ளேயே வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். நாம்தான் பெட்டியைத் திறக்காமல் மேலே உள்ள பெயரை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம்.

இரண்டு மூன்று நாள் போகட்டும். அப்புறம், "நகப்பூச்சை அசிட்டோன் வைத்துத் துடைக்கிறோமே, அங்கே கரைப்பான் எது?" என்று கேளுங்கள். யாராவது "தண்ணீர்" என்றால், அவருடைய மனதில் கரைப்பான் என்பது தண்ணீருக்கு இன்னொரு பெயராகப் பதிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒப்பிக்கச் சொன்னால் இது வெளியே வராது.

கேள்வி: ஒரு பாடத்தில் 25 புதுச் சொற்கள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் இப்படி டம்ளரும் உப்பும் எடுத்துவைக்க நேரம் ஏது?

பதில்: நேரம் இல்லைதான். ஐந்தாறு போதும்.

அமெரிக்க ஆய்வாளர் இசபெல் பெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். வீட்டிலேயே பழகிவிடும் சொற்கள் முதல் அடுக்கு. ஒளிச்சேர்க்கை போல ஒரே துறைக்கு உரியவை மூன்றாவது. இரண்டுக்கும் நடுவில், எந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் வந்து நிற்பவை: விளைவு, காரணி, சார்ந்து, மாறுபடும், கருதுக. மூன்றாம் அடுக்குச் சொல்லைப் புத்தகமே தடித்த எழுத்தில் போட்டுப் படத்தோடு விளக்கிவிடும். நடு அடுக்கை யாரும் விளக்குவதில்லை. எல்லாருக்கும் தெரியும் என்று அறிவியல் ஆசிரியரும் நினைக்கிறார், வரலாற்று ஆசிரியரும் நினைக்கிறார். ஆங்கிலக் கல்லூரிப் பாடங்களுக்காக ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உண்டு. அவையும் பல துறைகளுக்குப் பொதுவானவைதான்.

நான் தேர்ந்தெடுத்தது இப்படித்தான்: அடுத்த மாதம் வேறு பாடத்தில் இந்தச் சொல் வருமா? வரும் என்றால் அதற்கு நேரம் ஒதுக்குவேன். மற்றவற்றைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

கேள்வி: புதுச் சொல்லில் குழம்பினால் புரிகிறது. தினமும் பேசுகிற சொல்லிலேயே தடுமாறுகிறார்களே, அது ஏன்?

பதில்: என்னை அதிகம் படுத்தியது இதுதான். ஒன்பதாம் வகுப்பில் 'வேலை' நடத்திக்கொண்டிருந்தேன். விசை கொடுத்து, விசையின் திசையில் பொருள் நகர்ந்தால்தான் வேலை. மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் நின்றாலும் அந்த மூட்டையின் மேல் செய்த வேலை சுழியம் என்றேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "எங்க அப்பா மூட்டைதான் தூக்குறாரு. அவரு வேலையே செய்யலைன்னு சொல்றீங்களா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. சூத்திரத்தைச் சரியாகத்தான் சொல்லியிருந்தேன். ஆனால் அந்தச் சொல் அவள் வீட்டில் என்ன எடை என்று யோசிக்கவில்லை. பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டேன். இடது பக்கம் 'வீட்டு வேலை', வலது பக்கம் 'பாட வேலை'. "உன் அப்பா தரையிலிருந்து தோளுக்குத் தூக்குகிறாரே, அது எந்தப் பக்கம்?" இரண்டு பக்கமும் என்றாள். "தூக்கியபடி நிற்பது?" இடது பக்கம் மட்டும். "அப்புறம் ஏன் அவருக்கு உடம்பு வலிக்குது?" என்று அவளே அடுத்ததைக் கேட்டாள். நின்றாலும் தசைகள் உள்ளே ஆற்றலைச் செலவழித்துக்கொண்டே இருக்கின்றன என்று அங்கிருந்து பாடம் போயிற்று. நான் திட்டமிட்டதைவிட நல்ல பாடம்.

அதிலிருந்து, பழைய சொல் புது வேஷத்தில் வரும் இடத்திலெல்லாம் இந்தக் கோட்டைப் போட்டுவிடுவேன். கணக்கில் 'பகுதி'யைப் பாருங்கள். வீட்டில் பகுதி என்றால் துண்டு. பின்னத்தில் கீழே நிற்கும் எண்ணுக்குப் பகுதி என்று பெயர். ¾-இல் பகுதி எது என்றால் குழந்தை 3 என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. எடுத்துக்கொண்ட துண்டுகள் மூன்றுதானே! "எத்தனையாகப் பகுத்தோம்?" என்று கேட்டால்தான் 4-க்கு வருவார்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பாடம் தெரிகிறது. வாயால் கேட்டால் சொல்கிறான். தேர்வில் மட்டும் மதிப்பெண் வருவதில்லை.

பதில்: விடைத்தாளை எடுத்து, கேள்வியின் கடைசிச் சொல்லை மட்டும் பாருங்கள். 'ஒப்பிடுக' என்ற கேள்விக்குத் தாவர செல்லைப் பற்றி ஒரு பத்தி, விலங்கு செல்லைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருப்பான். இரண்டும் சரியாகவே இருக்கும், ஆனால் ஒப்பீடு இருக்காது. "இரண்டிலும்…", "இதில் உண்டு, அதில் இல்லை" என்று தொடங்கும் வாக்கியங்களைச் சொல்லிக்கொடுத்து, முதலில் வீட்டில் இருக்கும் இரண்டு நாற்காலிகளை ஒப்பிடச் சொல்லுங்கள். 'காரணம் கூறுக' என்றால் விடையில் 'ஏனெனில்' வந்தாக வேண்டும். அவ்வளவுதான்.

கேள்வி: சுவர் முழுக்கச் சொல் அட்டைகள் ஒட்டியிருக்கிறேன். பயன் உண்டா?

பதில்: சுவருக்கு உண்டு. பிள்ளைகள் ஒரு வாரத்தில் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். அட்டையைக் கழற்றி அவர்கள் கையில் கொடுங்கள். நான்கு கட்டம் போட்டு வரையறை, பண்புகள், எடுத்துக்காட்டு, எடுத்துக்காட்டு அல்லாதது என்று நிரப்பச் சொல்லுங்கள். 1969-இல் டோரதி ஃபிரேயரும் அவர் குழுவினரும் கொண்டுவந்த முறை இது. நான்காவது கட்டத்தில்தான் சண்டை வரும், வரட்டும். 'சேர்மம்' அட்டையில் ஒருத்தி காற்றை எடுத்துக்காட்டுக் கட்டத்தில் எழுத, பக்கத்திலிருந்தவன் அது கலவை என்று அடித்துவிட்டு நான்காவது கட்டத்தில் எழுத, மணி அடித்த பிறகும் இரண்டு பேரும் வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் 'சேர்மம்' என்ற சொல் அவர்கள் வாயில் எத்தனை முறை வந்தது என்று நான் எண்ணவில்லை. அடுத்த வகுப்புக்குத் தாமதமானதற்கு அவர்கள் திட்டு வாங்கியது மட்டும் தெரியும்.