எடுத்துக்காட்டைக் கையால் மூடிவிட்டுப் போட்டுப் பாருங்கள்

கேள்வி: கல்லூரியில் கணிதம் படிக்கிறேன். பாடநூலை மூன்று முறை வாசித்துவிட்டேன், வாசிக்கும்போது எல்லாம் புரிகிறது, பயிற்சிக் கணக்கில் கை வைத்தால் ஒன்றும் ஓடவில்லை. எப்படித்தான் படிப்பது?

பதில்: நீங்கள் மூன்று முறையும் கண்ணால் மட்டும் வாசித்திருக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். பேப்பரும் பென்சிலும் இல்லாமல் கணிதப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறதா, ஆகட்டும்.

√2 விகிதமுறா எண், அதாவது முழு எண்களின் பின்னமாக எழுத முடியாத எண், என்ற நிரூபணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். √2-ஐ ஒரு பின்னமாக, தொகுதிக்கும் பகுதிக்கும் பொதுக் காரணி இல்லாமல் சுருக்கி எழுதியதாக வைத்துக்கொண்டு வர்க்கப்படுத்துகிறோம், தொகுதியின் வர்க்கம் இரட்டை, அதனால் தொகுதியும் இரட்டை, அப்புறம் பகுதியும் இரட்டை என்று வந்து முரண்படுகிறது. சரி, புரிந்ததா? இப்போது புத்தகத்தை மூடிவிட்டு இதே நிரூபணத்தை √4-க்கு எழுதிப் பாருங்கள். √4 என்பது 2 தானே, அது விகிதமுறா எண் ஆகவே முடியாது, அப்படியானால் எங்கோ ஒரு வரி உடைந்தாக வேண்டும். எந்த வரி? வர்க்கம் 4-ஆல் வகுபட்டால் எண்ணும் 4-ஆல் வகுபடும் என்கிற வரி. 2-இன் வர்க்கம் 4-ஆல் வகுபடுகிறது, 2 வகுபடவில்லை. √2-இல் ‘வர்க்கம் இரட்டை, அதனால் எண்ணும் இரட்டை’ என்று நீங்கள் தலையாட்டிக்கொண்டே கடந்து போன அந்த ஒற்றை வரிதான் நிரூபணம் முழுவதையும் தாங்கிக்கொண்டிருந்தது, 2 பகா எண் என்பதால்தான் அது அங்கே நின்றது. மூன்று முறை வாசித்தும் கிடைக்காதது இந்த ஒரு முயற்சியில் கிடைத்துவிடும், நான் இதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தேற்றங்களைத் திருப்பிப் போட்டும் பாருங்கள். ஒரு முடிவிலித் தொடருக்கு முடிவுள்ள கூடுதல் இருந்தால் அதன் உறுப்புகள் பூஜ்ஜியத்தை நெருங்கும். மறுதலை உண்மையா? 1 + 1/2 + 1/3 + 1/4 என்று கூட்டிக்கொண்டே போங்கள், உறுப்புகள் தேய்ந்துகொண்டே போகும், கூடுதலோ எந்த எண்ணைச் சொன்னாலும் ஒருநாள் தாண்டிவிடும்.

வரையறை வந்தால் அதற்குப் பொருந்துவது ஒன்று, பொருந்தாதது ஒன்று, இரண்டையும் நீங்களே எழுதுங்கள். தீர்த்துக் காட்டிய எடுத்துக்காட்டுகளில் விடையைக் கையால் மூடிக்கொண்டு போட்டுப் பாருங்கள், மாட்டிக்கொண்டால் ஒரு வரி மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடுங்கள். அரை மணி நேரம் முட்டியும் நகராத இடத்தில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள், அடுத்த நாள் முதல் வேலையாக அந்தக் கேள்விக்குறிக்குத் திரும்பி வாருங்கள்.