கிளட்ச் மாற்றிய பிறகு கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் எர்த் வயரைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 18 வருடப் பழைய பெட்ரோல் கார். போன வாரம் கிளட்ச் பிளேட் மாற்றினேன். வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, இன்ஜின் சுற்றவில்லை. பேட்டரி போய்விட்டது என்றார் மெக்கானிக். புதுசு போட்டும் அப்படியேதான் இருக்கிறது. இப்போது செல்ஃப் மோட்டார் என்கிறார். அதுவும் இல்லையென்றால் ஈசிஎம்மாக (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) இருக்கலாமாம். அடுத்து எதை மாற்றுவது?

பதில்: எதையும் மாற்றாதீர்கள். கிளட்ச் வேலைக்கு விடும்வரை ஒழுங்காக ஸ்டார்ட் ஆன வண்டி இது. கிளட்ச் மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதற்காக பேட்டரி கனெக்‌ஷன், செல்ஃப் மோட்டார், எர்த் வயர் மூன்றையும் கழற்றியிருப்பார்கள். கை பட்ட இடத்தைப் பார்க்காமல் யாரும் தொடாத ஈசிஎம்மைப் பற்றி எதற்குப் பேச்சு?

என் முதல் சந்தேகம் எர்த் வயர் மேல்தான். இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கின்றன. ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. செல்ஃப் மோட்டாரோ சுற்றும்போது 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். அவ்வளவு கரண்டும் பேட்டரிக்குத் திரும்பிப் போக இருப்பது ஒரு தடித்த கறுப்பு வயர், அல்லது செம்புப் பின்னல் பட்டை. அதன் ஒரு முனை கியர்பாக்ஸில் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கிறது. கியர்பாக்ஸை ஏற்றும்போது அந்த போல்ட்டைப் போட மறந்திருப்பார்கள், அல்லது துருவின் மேலேயே முடுக்கியிருப்பார்கள்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். ரூம் லைட்டை எரியவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். 'டிக்' கேட்கும்போது வெளிச்சம் மங்கவே இல்லையென்றால் பேட்டரி தேவலை, கரண்ட்தான் செல்ஃபுக்குப் போய்த் திரும்பவில்லை. லைட் மங்கி அணைந்தால் பேட்டரி டெர்மினலின் பிடிப்பைப் பாருங்கள். புதுப் பேட்டரியிலும் லூஸாக மாட்டிவிட்டுப் போவார்கள்.

அடுத்தது ஜம்பர் கேபிள், அதாவது இரு முனையிலும் கிளிப் வைத்த தடித்த கேபிள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். கறுப்புக் கேபிளின் ஒரு கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் மாட்டிவிட்டு, மற்றதைக் கடைசியாக இன்ஜினில் பெயின்ட் இல்லாத கனமான உலோகத்தில் கடிக்கவிடுங்கள். இப்போது ஸ்டார்ட் ஆனால் எர்த்தான் கோளாறு, சந்தேகமே வேண்டாம். மல்டிமீட்டர் இருந்தால் ஜம்பர் இல்லாமலே பார்க்கலாம்: ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். நல்ல எர்த்தில் 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. 1 வோல்ட்டைத் தாண்டினால் பாதை அடைபட்டிருக்கிறது.

கேபிள் வைத்த ஆக்சிலரேட்டராக இருந்தால் பானெட்டுக்குள் அதன் முனையையும் பாருங்கள். எர்த் இல்லாத வண்டியில் கரண்ட் அந்த மெல்லிய கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கும். கம்பி பழுக்கக் காய்ந்து, மேலுள்ள பிளாஸ்டிக் உறை இளகி, ஓர் இடத்தில் மட்டும் வழவழவென்று சுருங்கியிருக்கும். அதைக் கண்டால் இனி ஒரு தடவைகூடச் சாவியைத் திருப்பாதீர்கள். எர்த்தைச் சரிசெய்தாலும் அந்தக் கேபிளை மாற்றியே ஆக வேண்டும். மிதித்த ஆக்சிலரேட்டர் திரும்பி வராமல் ஓட்டத்தில் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

சரிசெய்வது அரை மணி நேர வேலை. நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். எர்த் வயரின் வளையத்தையும் கியர்பாக்ஸில் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்க முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவுங்கள். அதன் பிறகும் 'டிக்' மட்டும்தான் என்றால் ஜம்பரை செல்ஃப் மோட்டாரின் உடம்பிலேயே கடிக்கவிடுங்கள். அதில் சுற்றினால் செல்ஃபைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் லூஸ்.

இதை ஷெட்டில் ஏன் செய்யவில்லை என்று கேட்கிறீர்களா? போல்ட் முடுக்கினால் பில் போட ஒன்றுமில்லை, பேட்டரி மாற்றினால் உண்டு. 'எலக்ட்ரிக்கல் செக்' என்று பில்லில் ஒரு வரி இருக்கும். எத்தனை வோல்ட் காட்டியது என்று யாரும் எழுதுவதில்லை. நீங்கள் கேளுங்கள். பேட்டரி சும்மா இருக்கும்போது எவ்வளவு, சாவி திருப்பும்போது எவ்வளவு? முழு சார்ஜில் 12.6 இருக்க வேண்டும், சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது. அளவு சொல்லாதவரிடம் உதிரிபாகம் வாங்காதீர்கள். பழைய பேட்டரியையும் திருப்பிக் கேளுங்கள். பெரும்பாலும் அது நல்ல பேட்டரிதான். ஈசிஎம்மைக் கழற்றி 'தெரிந்த ஆள்' ஒருவரிடம் ரிப்பேருக்குக் கொடுத்தனுப்பலாம் என்று இடையில் யாராவது வந்தால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நல்ல பெட்டியாகப் போகும், என்னவாகத் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். பில்லை எடுத்துப் பாருங்கள். 'கியர்பாக்ஸ் இறக்கியிருக்கிறோமே, அப்படியே டைமிங் பெல்ட்டும் மாற்றிவிடுவோம்' என்று மாற்றியிருக்கிறார்களா? மாற்றியிருந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். பிஸ்டனையும் வால்வையும் ஒத்து ஓடவைக்கும் அந்த பெல்ட் சில பற்கள் தள்ளி உட்கார்ந்திருந்தால், பல இன்ஜின்களில் பிஸ்டன் மேலே வந்து வால்வில் முட்டும். முட்டி நின்றாலும் இதே 'டிக்' சத்தம்தான் கேட்கும். ஜம்பர் போட்டோ தள்ளியோ சுற்றவைத்தால் வால்வு வளையும். சின்னத் தப்பு இன்ஜின் பிரிக்கும் வேலையாகிவிடும். வண்டியை அதே இடத்தில் நிறுத்தி வையுங்கள். மெக்கானிக்கை அங்கேயே வரவழைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொல்லுங்கள். எங்காவது தடுத்தால் அழுத்தாமல் அங்கேயே நிறுத்த வேண்டும். தடுக்காமல் சுற்றி, டைமிங் குறிகள் மறுபடி நேருக்கு நேர் வந்து நின்றால் பெல்ட் சரி. பிறகு எர்த் வயருக்கு வாருங்கள்.