இரட்டை சிலிண்டர் பைக் வாங்குபவர் கேட்க வேண்டிய கோணம்

கேள்வி: ஒற்றை சிலிண்டரிலிருந்து இரட்டை சிலிண்டர் பைக்குக்கு மாற நினைக்கிறேன். ஓட்டிப் பார்த்த இரண்டுமே பேரலல் ட்வின் (இரு சிலிண்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் வகை), சிசியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று விர்ரென்று ஏறுகிறது. மற்றொன்று தட்… தட்தட் என்று விட்டுவிட்டு அடிக்கிறது. இது கோளாறா? எதில் அதிர்வு குறைவு?

பதில்: கோளாறு இல்லை. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்ஷாஃப்டின் அமைப்பு வேறு, அவ்வளவுதான். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி, சுற்றினால்தான் ஒரு சிலிண்டர் ஒரு முறை வெடிக்கும். சிலிண்டர் இரண்டானதும், இரண்டாவது பிஸ்டனை முதலாவதிலிருந்து எத்தனை டிகிரி தள்ளி வைப்பது என்ற கேள்வி வருகிறது. பைக்கின் குணத்தில் பெரும்பங்கு அங்கேதான் முடிவாகிறது.

பழைய பிரிட்டிஷ் ட்வின்களில் பெரும்பாலும் 360 டிகிரி. இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். வெடிப்பு மிகச் சீராக வரும், ஆனால் குலுக்கல் ஒரு பெரிய ஒற்றை சிலிண்டருக்கு உள்ளதேதான். 180 டிகிரியில் ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவதால் அந்த மேல்-கீழ் விசை அடங்கிவிடும். ஆனால் பிஸ்டன்கள் அருகருகே இருப்பதால் இன்ஜின் சீசா பலகை போல இடமும் வலமுமாக ஆடப் பார்க்கும். யமஹா ஆர்3, கவாசாகி நின்ஜா 400 இந்த வகை. அதிக ஆர்பிஎம்மில் ஓட்டுபவர்களுக்குப் பிடிக்கும்.

இன்னொரு அதிர்வும் உண்டு. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து வேலை செய்வதால், பிஸ்டன் மேல் முனையில் திரும்புவது கீழ் முனையில் திரும்புவதைவிடக் கடுமையாக இருக்கும். இந்த வித்தியாசம் கிராங்க் வேகத்தைப் போல இரு மடங்கு வேகத்தில் ஒரு நடுக்கத்தைக் கிளப்பும். 360, 180 இரண்டிலும் இரு பிஸ்டன்களின் நடுக்கமும் ஒன்றோடொன்று கூடிவிடுகிறது. 270 டிகிரியில் மட்டும் அது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைகிறது. அங்கே மீதமிருக்கும் பெரிய குலுக்கலை, கிராங்குக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுழலும் பேலன்சர் ஷாஃப்ட் பார்த்துக்கொள்ளும். வெடிப்பு 270 டிகிரி, 450 டிகிரி இடைவெளியில் மாறி மாறி வருவதால்தான் நீங்கள் கேட்ட அந்த ‘தட்தட்’. யமஹா 1995-இல் டிஆர்எக்ஸ்850-இல் கொண்டுவந்த ஏற்பாடு இது. இன்று எம்டி-07, ராயல் என்ஃபீல்டு 650 ட்வின்கள் என்று பல பைக்குகளில் இருக்கிறது. தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஆனால் கோணத்தை மட்டும் நம்பி முன்பணம் கட்டிவிடாதீர்கள். ஆர்பிஎம் இரு மடங்கானால் அதிர்வு விசை நான்கு மடங்காகும். நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில், டாப் கியரில், நிதானமாகக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி தெளிவாகத் தெரிகிறதா, விரல் மரக்கிறதா, ஃபுட்ரெஸ்டில் பாதம் கூசுகிறதா என்று பாருங்கள். ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் வி-ட்வினும் பாக்ஸரும் இதைவிட நல்லதா?

பதில்: சமநிலையில் ஆம். இரு சிலிண்டரும் V எழுத்துப் போல 90 டிகிரி விரிந்து நிற்கும் வி-ட்வினில் (டுகாட்டி, சுசுகி எஸ்வி650) கிராங்கில் உள்ள எதிர் எடையே பெரிய குலுக்கலை அடக்கிவிடும், பேலன்சர் ஷாஃப்ட் தேவைப்படாது. ஆனால் சிலிண்டர் ஹெட் இரண்டும் தனித்தனி. வால்வு இடைவெளி சரிபார்க்க வேலை கூடும், சர்வீஸ் பில்லும் கூடும். ஹார்லியின் 45 டிகிரி வி-ட்வினில் இந்தச் சமநிலை கிடைக்காது. பிஎம்டபிள்யூ 1923 முதல் செய்துவரும் பாக்ஸரில் இரு சிலிண்டரும் பக்கத்துக்கு ஒன்றாகப் படுத்திருக்கும்; பிஸ்டன்கள் எதிரெதிராகப் பாய்வதால் இரண்டு வகை விசையும் ரத்தாகிவிடும். இரு சிலிண்டரும் நேருக்கு நேர் இல்லாமல் சற்று விலகி இருப்பதால் வரும் சிறு ஆட்டம்தான் மிச்சம். இன்ஜின் அகலம் அதிகம் என்பதால் நெரிசலில் நுழைந்து போகும்போது கவனம் வேண்டும்.

கேள்வி: பழைய ட்வின் ஒன்றைப் பார்த்தேன். ஐட்லிங்கில் மட்டும் ரொம்ப நடுங்குகிறது. விட்டுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். இரண்டு சிலிண்டருக்கும் காற்று ஒரே அளவில் போகாவிட்டால் இப்படி ஆகும். காற்றை உள்ளே விடும் கார்புரேட்டர் அல்லது த்ராட்டில் பாடியை சிங்க் செய்தால், அதாவது இரண்டுக்கும் ஒரே அளவு போகும்படி சரிசெய்தால், பெரும்பாலும் அடங்கிவிடும். அப்புறம் ஸ்பார்க் பிளக்குகளையும் இன்ஜினை ஃபிரேமோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை அழுத்தும்போது வரும் அழுத்தம்) அளக்கச் சொல்லுங்கள். இரண்டு அளவுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.