பொறுப்பு அலுவலர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதெல்லாம் இனி செல்லுமா?

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுநிலைப் படிப்புக்கு, ஆகஸ்டில் தொடங்கும் ஃபால் செமஸ்டரில் இடம் கிடைத்தது. குடும்பச் சூழ்நிலையால், ஜனவரியில் தொடங்கும் ஸ்பிரிங் செமஸ்டருக்குத் தள்ளிவைக்கக் கேட்டேன். என் விண்ணப்பத்தைக் கவனித்துவந்த அலுவலர், "மாற்றித் தருகிறோம்" என்று மெயில் அனுப்பினார். முன்பு படித்த இரண்டு பாடங்களுக்கு கிரெடிட் கிடைக்கும், அவற்றை மறுபடி படிக்க வேண்டியதில்லை என்று வீடியோ அழைப்பிலும் சொன்னார். இப்போது அவருக்கு மெயில் போட்டால் திரும்பி வருகிறது. அலுவலகச் செய்திமடலைப் பார்த்தால், அவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாராம். 'இன்டெரிம்' இயக்குநர் ஒருவர் வந்திருக்கிறாராம். போர்ட்டலில் இன்னமும் ஃபால் என்றுதான் இருக்கிறது. அப்பா போன் செய்தபோது, உங்களிடம் எதுவும் சொல்ல முடியாது என்றுவிட்டார்கள். பழைய அலுவலரை லிங்க்ட்இன்னில் தொடர்புகொண்டு கேட்கலாமா?

பதில்: நீங்கள் கேட்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் இதில் மூன்று விவகாரங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் கதி ஒன்றல்ல. செமஸ்டர் தள்ளிவைப்பு உங்கள் கையில் மெயிலாக இருக்கிறது; அது அநேகமாக நிற்கும். கிரெடிட் பற்றி அவர் வாயால் சொன்னது நிற்காது. அவர் அதே நாற்காலியில் இருந்திருந்தாலும் நின்றிருக்காது. மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் அவசரம் அதில்தான்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சேர்க்கை, பதிவு, நிதி உதவி ஆகியவற்றை ஒரே குடையின் கீழ் நடத்துவதை என்ரோல்மென்ட் மேனேஜ்மென்ட் என்கிறார்கள். 1970களில் பாஸ்டன் கல்லூரியில் சேர்க்கைப் பொறுப்பில் இருந்த ஜாக் மகுவயர் முன்வைத்த ஏற்பாடு அது. மாணவருக்கு ஒரே வாசல், ஒரே கவுன்டர். வசதிதான். ஆனால் வாசல் ஒன்றாக இருப்பதால், அங்கே நிற்பவருக்கே எல்லா அதிகாரமும் இருப்பதாக மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். உள்ளே போனால் கையெழுத்துகள் பிரிந்துதான் கிடக்கின்றன. எந்த செமஸ்டரில் சேரலாம் என்பது சேர்க்கை அலுவலகமும், முதுநிலைப் படிப்புகளைக் கவனிக்கும் கிராஜுவேட் ஸ்கூலும் முடிவு செய்வது. பழைய பாடத்துக்கு கிரெடிட் தருவது துறை; அதை டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பட்டியலில் ஏற்றுவது, மாணவர் பதிவுகளைக் கவனிக்கும் ரெஜிஸ்ட்ரார். ஐ-20 சர்வதேச மாணவர் அலுவலகத்தின் வேலை. உங்களிடம் பேசிய அலுவலர் இவற்றில் முதலாவதில் மட்டுமே பங்குள்ளவர்.

ஐ-20யிலிருந்தே தொடங்குங்கள். உங்களுக்கு ஃபால் தேதியிட்ட ஐ-20 ஏற்கெனவே வந்திருந்தால், அதே தேதியோடு சேவிஸ் என்ற அமெரிக்க அரசின் கணினிப் பதிவிலும் நீங்கள் இருக்கிறீர்கள். சேர்க்கை அலுவலகம் தன் போர்ட்டலில் ஸ்பிரிங் என்று மாற்றிவிட்டால் சேவிஸில் தானாக மாறிவிடாது. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டி.எஸ்.ஓ. எனப்படும் அங்கீகரிக்கப்பட்ட அலுவலர் சேவிஸுக்குள் போய்த் தொடக்கத் தேதியைத் தள்ளிவைக்க வேண்டும். அதைப் பழைய தேதி வருவதற்கு முன்பே செய்துவிட்டால் சேவிஸ் எண் பெரும்பாலும் அப்படியே தொடரும். யாரும் கவனிக்காமல் தேதி கடந்துபோய்ப் பதிவு ரத்தானால் புது எண், அதற்குப் புதிதாக ஐ-901 என்ற சேவிஸ் கட்டணம் 350 டாலர் என்று வேலை நீளும். விசா ஏற்கெனவே வாங்கியிருந்தால் சிக்கல் இன்னும் ஒரு சுற்று கூடும். ஆகவே சேர்க்கை அலுவலகம் பதில் போடும்வரை காத்திருக்காமல், தள்ளிவைப்பு மெயிலை இணைத்து சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு இன்றே தனியாக எழுதுங்கள். "சேர்க்கை அலுவலகத்தின் உறுதி வந்த பிறகே மாற்றுவோம்" என்று அவர்கள் சொல்லலாம். சொல்லட்டும். குறைந்தபட்சம் உங்கள் பெயர் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும். இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும். டி.எஸ்.ஓ. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அதைப் பல்கலைக்கழகம் 21 நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அதனால் அந்தப் பக்கம் ஆள் இல்லாமல் போவது அரிது.

அடுத்தது போர்ட்டல். மெயில் வந்த பிறகும் அது ஏன் மாறவில்லை? அலுவலகத்துக்குள் நடப்பதைச் சொன்னால் புரியும். பல அலுவலகங்களில் 'ஸ்லேட்' போன்ற ஒரு மென்பொருள் இருக்கும். உங்கள் விண்ணப்ப எண்ணைத் தட்டியதும் நீங்கள் சமர்ப்பித்தவை, அலுவலகம் அனுப்பிய கடிதங்கள், அலுவலர் எழுதிவைத்த குறிப்புகள் எல்லாம் தேதிவாரியாக ஒரு பக்கத்தில் விரியும். புதிதாக வந்தவர் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அந்தப் பக்கம்தான் ஒரே வழி. ஸ்லேட்டுக்குள்ளிருந்து அனுப்பிய மெயில் அதில் தானாகப் பதிவாகிவிடும். அலுவலர் தன் அவுட்லுக்கிலிருந்து நேரடியாகப் பதில் போட்டிருந்தால், யாராவது எடுத்துப் போட்டால் ஒழிய, அங்கே தடமே இருக்காது. வேலையின் கடைசி வாரங்களில் இருப்பவர்கள் அவசரத்தில் அவுட்லுக்கிலேயே பதில் தட்டிவிடுவது சகஜம். உங்கள் விஷயத்தில் நடந்தது அநேகமாக அதுதான்: அவர் மனதார ஒப்புக்கொண்டார், மெயிலும் போட்டார், பதிவில் ஏற்றாமலே போய்விட்டார்.

ஆகவே நீங்கள் இப்போது எழுதும் மெயிலின் வேலை, பழைய மெயிலை அந்தப் பக்கத்தில் ஏற்றிவைப்பது. தனிநபர் முகவரிக்கு எழுதாதீர்கள். அலுவலகத்தின் பொது முகவரிக்கு எழுதி, செய்திமடலில் பெயர் வந்திருக்கும் புதியவருக்கு நகல் போடுங்கள். தலைப்பு வரியிலேயே பெயர், விண்ணப்ப எண், படிப்பு, எந்த செமஸ்டரிலிருந்து எதற்கு என்பது நான்கும் வந்துவிட வேண்டும். பழைய மெயிலை அனுப்பியவர் முகவரியும் தேதியும் தெரியும்படி முழுதாக பிடிஎஃப் எடுத்து இணையுங்கள். நடுவில் இரண்டு வரியை மட்டும் வெட்டிய ஸ்கிரீன்ஷாட் பார்ப்பவருக்குச் சந்தேகத்தைத்தான் தரும். உள்ளடக்கம் இவ்வளவு போதும்: "உங்கள் அலுவலகம் இன்ன தேதியில் அனுப்பிய தள்ளிவைப்பு ஒப்புதலை இணைத்துள்ளேன். போர்ட்டலில் இன்னும் ஃபால் என்று காட்டுகிறது. ஸ்பிரிங் என மாற்றி, புதிய சேர்க்கைக் கடிதம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." குடும்பச் சூழ்நிலையை மறுபடி விவரிக்க வேண்டாம். விவரித்தால், ஏற்கெனவே முடிந்த ஒரு விஷயத்தைப் புதிய விண்ணப்பமாக யாராவது எடுத்துக்கொண்டு முதலிலிருந்து பரிசீலிக்க உட்கார்ந்துவிடுவார்கள். கிரெடிட் பேச்சையும் இதில் கலக்காதீர்கள். ஒரு மெயில் ஒரு டிக்கெட்டாகி, அதாவது எண்ணிட்ட ஒரு கோரிக்கையாகி, ஒரு வரிசைக்குத்தான் போகும். இரண்டு விஷயம் இருந்தால் ஒன்றுக்குப் பதில் வந்ததும் டிக்கெட்டை மூடிவிடுவார்கள்.

புதிய கடிதம் வந்தால்தான் காரியம் முடிந்ததாக அர்த்தம். போனில் "மாற்றிவிட்டோம்" என்றாலும் கடிதத்தைக் கேளுங்கள். வந்த கடிதத்தில் உதவித்தொகையோ, துறையில் வேலை பார்த்துப் பெறும் அசிஸ்டன்ட்ஷிப்போ பற்றிய வரி இருக்கிறதா என்று பழைய கடிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடத்தைத் தள்ளிவைத்தால் பணமும் கூடவே நகர்ந்து வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அசிஸ்டன்ட்ஷிப் பெரும்பாலும் துறையின் பணம்; அதைச் சேர்க்கை அலுவலர் தள்ளிவைக்க முடியாது. முன்பணம் கட்டியிருந்தால் அது ஸ்பிரிங் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ஒரு வாரம் பார்த்தும் பதில் இல்லையென்றால் போன் செய்யலாம். எடுப்பவர் பல சமயம் பகுதி நேரம் வேலை பார்க்கும் மாணவராக இருப்பார். அவருக்குத் திரையில் தெரிவதே குறைவு. அவரிடம் கதை முழுவதும் சொல்லிக் களைத்துப்போகாமல், டிக்கெட் எண்ணைக் கொடுத்து, இது முழுநேர ஊழியர் ஒருவர் பார்க்க வேண்டியது என்று பணிவாகக் கேளுங்கள். ஆகஸ்ட் இறுதியில் வகுப்பு தொடங்கும் வாரமும், பாடம் சேர்க்கவும் விடவும் கெடு முடியும் வாரமும் அந்த அலுவலகங்களுக்குத் திருவிழாக் கூட்டம். அப்போது அடிக்கடி நினைவூட்டினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

கிரெடிட் விஷயத்தில் உங்களை ஏமாற்றியதாக நினைக்க வேண்டாம். "கிடைக்கும்" என்று அவர் சொன்னது, தான் பார்த்த பழைய கேஸ்களை வைத்துச் சொன்ன அபிப்பிராயமாக இருக்கும். முடிவு துறையின் முதுநிலைப் படிப்பு இயக்குநரிடம் இருக்கிறது. அவர் பார்ப்பது பாடத்தின் பெயரை அல்ல, பாடத்திட்டத்தை: என்ன நூல், எத்தனை வாரம், எப்படித் தேர்வு. பல இடங்களில் முதுநிலைப் படிப்புக்கு 6 அல்லது 9 கிரெடிட்டுக்கு மேல் வெளியிலிருந்து எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதுவும் பி கிரேடுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒரு பட்டத்துக்கு ஏற்கெனவே கணக்கில் எடுத்த பாடத்தை இன்னொன்றுக்கு எடுக்க மறுப்பதும் உண்டு. இந்தக் கடைசி நிபந்தனையில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். உங்கள் இரண்டு பாடங்களும் முடித்த பட்டத்தின் பகுதியா, தனியாகப் படித்தவையா என்பதை நீங்களே முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவுக்கு வெளியே படித்தவை என்றால் வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் டபிள்யூ.இ.எஸ். போன்ற நிறுவனத்தின் பாடவாரி மதிப்பீட்டையும் கேட்கக்கூடும். இதையெல்லாம் சேர்த்து இப்போதே துறைக்கு எழுதுங்கள். ஸ்பிரிங் பாடப்பதிவு பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில் திறந்துவிடும். அதற்குள் முடிவு தெரியாவிட்டால், ஏற்கெனவே படித்த பாடத்துக்கே மறுபடி பணம் கட்டிப் பதிய நேரும்.

இதோடு ஒட்டிய இன்னொரு சங்கதி, கேட்டலாக் எனப்படும் ஆண்டு விதித் தொகுப்பு. நீங்கள் சேரும் கல்வியாண்டின் விதிகள்தான் பொதுவாக உங்களுக்குப் பொருந்தும். ஃபாலிலிருந்து அதையடுத்து வரும் ஸ்பிரிங்குக்குத் தள்ளுவது பெரும்பாலும் அதே கல்வியாண்டுக்குள் அடங்கிவிடும். அடுத்த ஃபாலுக்குத் தள்ளுவதாக இருந்தால் கிரெடிட் வரம்புகூட மாறியிருக்கலாம். உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இனி செய்திமடல். ஊழியர் வருகை, விலகல் பக்கத்தை மாணவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதில் உருப்படியாகப் படிக்க வேண்டியதே அந்தப் பக்கம்தான். யார் போனார் என்பதைவிட, போனவர் கவனித்த பகுதி அல்லது படிப்பு யாருக்குப் போயிருக்கிறது என்று பாருங்கள். இன்டெரிம் என்பதைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. நிரந்தர நியமனம் ஆகும்வரை பொறுப்பில் இருப்பவர் அவர்; நாற்காலிக்குரிய கையெழுத்து அதிகாரம் பொதுவாக அவருக்கும் உண்டு. சொல்லப்போனால், உள்ளிருந்தே உயர்ந்தவராக இருந்தால் பழைய கோப்புகள் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அதே மடலில் கவுன்டர் நேரம், புது முகவரி, புது டிக்கெட் முறை போன்ற அறிவிப்பும் ஓரமாகக் கிடக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

பழைய அலுவலரை லிங்க்ட்இன்னில் தேடிப் பிடித்து என்ன கேட்பீர்கள்? பதிவைத் திறக்க அவருக்கு இப்போது அனுமதி இல்லை. முன்னாள் அலுவலகத்தின் சார்பில் ஒரு வார்த்தை எழுதித் தரவும் முடியாது. எழுதித் தந்தாலும் அதை அங்கே யாரும் ஏற்க மாட்டார்கள். புது வேலைக்கு வாழ்த்துச் சொல்ல விரும்பினால் தாராளமாகச் சொல்லுங்கள், கோப்பை இழுக்காதீர்கள்.

அப்பாவிடம் பேச மறுத்ததற்கு வருத்தப்பட வேண்டாம். ஃபெர்பா என்று ஒரு சட்டம், 1974இல் வந்தது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்ட மாணவரின் கல்விப் பதிவு மீதான உரிமை மாணவருடையது. கட்டணம் கட்டுவது பெற்றோராக இருந்தாலும், சில விதிவிலக்குகள் தவிர, மாணவர் எழுதிக் கொடுக்காமல் அலுவலகம் விவரம் தராது. உங்கள் நிலை கொஞ்சம் விசித்திரம். வகுப்புக்கு இன்னும் போகாததால், பதிவைக் காட்டு என்று கேட்டால் 45 நாளுக்குள் காட்டியாக வேண்டும் என்ற அந்தச் சட்டத்தின் உரிமை உங்களுக்கே இன்னும் வரவில்லை. ஆனாலும் விண்ணப்பதாரர்களின் விவரத்தையும் அலுவலகங்கள் பழக்கமாக அதே கட்டுப்பாட்டோடுதான் வைத்திருக்கின்றன. இப்போதைக்கு அழைப்புகளை நீங்களே செய்யுங்கள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும், ஸ்பீக்கரில் போட்டு, அவரும் கேட்கிறார் என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். ஜனவரியில் வகுப்பு தொடங்கிய பிறகு, ரெஜிஸ்ட்ரார் பக்கத்தில் தகவல் பகிர்வு ஒப்புதல் படிவம் இருக்கும். அதை நிரப்பிக் கொடுத்தால், எந்தெந்த விவரத்தை அப்பாவிடம் சொல்லலாம் என்பதை நீங்களே டிக் செய்து வைக்கலாம்.